முத்தாயியம்மாளின் கோயில் குஷன்

பஃபலோ ரோட்டுக் கடைவீட்டு மாடியில் முத்தாயியம்மாள் எங்கள் மூன்று பேருக்கு இடமும் சோறும் கொடுத்து வைத்திருந்தாள். ஆள் ஒல்லி, குரல் லாரி. அவள் வீட்டுக்குள் இரண்டுக்கு அனுமதி கிடையாது. ஒன்று மூட்டைப்பூச்சி, இன்னொன்று சினிமா பார்க்கிறவன்.

"கொட்டகைக்குப் போனவன் அப்படியே பாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிடணும்" என்பாள். புருஷன் போய் ஒன்பது வருஷம். அவளுடைய ஒரே பொழுதுபோக்கு வெள்ளிக்கிழமை மதியம் காளியம்மன் கோயிலுக்குப் போவதுதான். நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் ஒரு சிவப்பு குஷன். கல்தரையில் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறதாம். மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்குமே என்று எங்களில் ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் செல்லக்கண்ணு, அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன். மாணிக்கம் அண்ணன் அதே அச்சகத்தில் எனக்கு ஃபோர்மேன். வீட்டிலும் தப்பிக்க வழியில்லை. மூன்றாமவர் பேரின்பநாயகம், யாழ்ப்பாணத்துக்காரர், ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த கிளார்க். 1956-இல் அவர் வந்து சேர்ந்த மூன்றாவது வாரம் எல்லோருக்கும் உடம்பெல்லாம் தடித்தது. கட்டில் கால்களுக்கு அடியில் மண்ணெண்ணெய் டப்பா வைத்தும் பிரயோசனமில்லை.

முத்தாயியம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஒம்பது வருசமா இல்லாத பூச்சி இப்ப எப்படி வந்துச்சு? உங்க பெட்டியோடதான் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் தட்டுறோம். தட்டி முடிச்சதும் நீங்க கெளம்பிடுங்க தம்பி."

"நான் கொண்டு வரேல்லை அம்மா. என்ரை பெட்டியைப் பாருங்கோ" என்றார் அவர்.

அவள் பார்க்கவில்லை. இந்த இடம் கிடைப்பதற்கு முன் அந்த மனுஷர் ஆறு வீடு ஏறி இறங்கியவர். மூட்டைப்பூச்சி கொண்டு வந்தவர் என்ற பேரோடு வெளியேறினால் சிராங்கூன் ரோட்டில் எவன் கதவைத் திறப்பான்? எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பல்வலி. அதாவது, புதுப்படம் வந்திருந்தது. மாணிக்கம் அண்ணன் பாவப்பட்டு லீவு கொடுத்து, கிராம்பு கடித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். மதியக் காட்சி, இடைவேளை, விளக்குப் போட்டார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு சிவப்பு குஷன். அதன்மேல் முத்தாயியம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி. துடைத்து முடித்து முதுகைச் சொறிந்தாள். பிறகு திரும்பினாள்.

நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. அவள் ஒரு வாசல் வழியாக ஓடினாள், நான் இன்னொரு வாசல் வழியாக.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மற்றவர்களுக்கு ஒரு வடை, எனக்கு மூன்று. விஷயம் புரிந்தது. நான் சொன்னால் அவளும் மாணிக்கம் அண்ணனிடம் சொல்லுவாள். இரண்டு வடையை நிம்மதியாகத் தின்றேன். எதிரே பேரின்பநாயகம் தலை குனிந்து ரசம் பிசைந்துகொண்டிருந்தார். மூன்றாவது வடை இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கட்டில், பாய், பெட்டி எல்லாவற்றையும் பின்சந்தில் போட்டுத் தட்டி வெந்நீர் ஊற்றினோம். பேரின்பநாயகத்தின் பெட்டியில் ஒரு பூச்சிகூட இல்லை.

"ஓடியிருக்கும்" என்றாள் முத்தாயியம்மாள், என்னைப் பார்க்காமல்.

அவர் பெட்டிக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"அம்மா, உங்க குஷனைத் தட்டலியே."

"டேய், அது கோயிலுக்குப் போறதுடா!"

"போனா என்ன லா, தட்டிட்டு வெச்சிருவோம்" என்று மாணிக்கம் அண்ணன் மாடியேறி அதை எடுத்து வந்து தடியால் ஒரு போடு போட்டார். உதிர்ந்தன பாருங்கள், குடும்பம் குடும்பமாக! அண்ணன் வாயைப் பிளந்தார். "அட, காளியம்மன் கோயில்லயா இவ்வளவு மூட்டைப்பூச்சி? நாளைக்கே கமிட்டிக்காரங்ககிட்ட சொல்லணும்."

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் தப்பித்துவிடலாம். கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா மேல பழி போட மாட்டேன். கோயில் இல்ல, சினிமாக் கொட்டகை. ஒம்பது வருசமாப் போறேன். இந்தப் பல்வலிக்காரனும் அங்கதான் இருந்தான்."

மாணிக்கம் அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் மறுபடியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

முத்தாயியம்மாள் குனிந்து தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தாள். "தப்பு என்னோடது தம்பி. மன்னிச்சிடுங்க." குரலில் லாரி இல்லை.

பேரின்பநாயகம் அவிழ்ந்த கயிற்றைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு கேட்டார்: "என்ன படம் அம்மா? கதையைச் சொல்லுங்கோவன்."

ஒன்பது வருஷம், எத்தனை நூறு படம்! ஒன்றின் கதையைக்கூட அவளால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. அவள் அவருடைய பெட்டிமேல் உட்கார்ந்து, பாட்டுப் பாடி, தடியை வாளாக வீசி, அழவேண்டிய இடத்தில் அழுது கதை சொன்னாள். மாடியில் சோறு தீய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ராஜகுமாரியை மலையுச்சியிலிருந்து தள்ளப்போகிற இடத்தில் நிறுத்திவிட்டாள்.

"அப்புறம்?" என்றார் மாணிக்கம் அண்ணன்.

"யாருக்குத் தெரியும்? இவனைப் பார்த்ததும் ஓடி வந்துட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் உதட்டைப் பிதுக்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அச்சகத்தில் மாணிக்கம் அண்ணனுக்குக் கடுமையான பல்வலி.