கத்திரிச் செடியைக் கருக்கியது யார்?

இலையின் ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்ந்திருக்கும். விரலால் தொட்டால் அப்பளம் போல நொறுங்கும்... எங்கள் பள்ளித் தோட்டத்துக் கத்திரிச் செடிகளைத்தான் சொல்கிறேன்.

ஆம்பூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. ஏழாம் வகுப்பு.

தோல் பதனிடும் டேனரிகள் நிறைந்த எங்கள் ஊரில் செடி செத்தால் காரணம் ரெடியாக இருக்கும். "டேனரி தண்ணிடி... உப்பு ஜாஸ்தி." அதோடு விசாரணை முடிந்தது.

ஆனால் இந்த முறை அது எடுபடவில்லை. பக்கத்துப் பாத்தியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட வெண்டை தளதளவென்று நின்றது. ரெண்டுக்கும் அதே போர்வெல் தண்ணீர்தான்.

உடனே பழி தேவகி மேல் திரும்பியது. எங்கள் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் அவள்தான். என் பெஞ்சுக்காரி. படிப்பில் சுமார், தோட்டம் என்றால் உயிர்.

"அவளுக்குக் கைராசி கெடையாது டீச்சர்" என்று நாலு பேர் சொல்ல, டீச்சரும் வேறு ஆளைப் போட்டுவிடலாம் என்றார்.

தேவகி அழவில்லை. "கொஞ்சம் டைம் குடுங்க டீச்சர்... நானே பாத்து சொல்றேன்."

கொட்டாங்குச்சிகளைப் பொறுக்கி வந்தாள். சிலதில் எங்கள் பாத்தி மண், சிலதில் ஆறாம் வகுப்பு மண். எல்லாவற்றிலும் வெந்தயம். எல்லாவற்றுக்கும் அவளே தண்ணீர் ஊற்றினாள். அவர்கள் மண்ணில் பச்சையாக முளைத்தது. எங்கள் மண்ணில் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்துவிட்டுச் சுருண்டது.

"உன் கை மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சி போச்சி இல்ல? வுடுடி" என்றேன்.

"செடி இன்னும் சாவுதே... இன்னாத்துக்கு வுடணும்?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இவள் வக்கீலா, போலீஸா?

எங்கள் மண்ணில் அதிகப்படியாக இருந்தது எரு மட்டும்தான். அது வந்தது தேவகி வீட்டிலிருந்து! வீட்டுக் குப்பைக்குழியிலிருந்தே ஒரு கை எரு எடுத்து, நல்ல மண்ணில் கலந்து வெந்தயம் போட்டாள். ஜோராக முளைத்தது. அப்போ குழியில் நல்லா இருக்கிற எரு, பள்ளிக்கு வருவதற்குள் எப்படிக் கெட்டது?

நடுவில் இருந்தது கோணி.

அவள் அப்பாவுக்கு டேனரியில் பச்சைத் தோல் குடோனில் வேலை. தோலுக்குப் போடும் உப்பு வந்த காலிக் கோணிகளை வீட்டுக்குக் கொண்டு வருவார். எங்கள் பக்கம் பாதி வீட்டில் அந்தக் கோணிதான். வாரா வாரம் ஈர எருவை அதில்தான் கட்டி வந்தாள். கோணியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை நன்றாக முளைத்திருந்த ஒரு கொட்டாங்குச்சியில் ஊற்றினாள். அதே போல இலை ஓரம் காய்ந்து, தலை தொங்கியது.

மறுநாள் கோணியைத் தூக்கிக்கொண்டு வகுப்பு முன்னால் நின்றாள்.

"என் கை இல்ல டீச்சர். எங்க வூட்டுக் கோணி. செடிங்க செத்ததுக்கு அதுல இருந்து எருவுல ஏறுன உப்புதான் காரணம்."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீச்சர் எழுந்து வந்து அந்தக் கோணியை வாங்கிப் பார்த்தார். "இனிமேலும் நீயே தண்ணி ஊத்தும்மா" என்றார். எனக்கு அவ்வளவு பெருமை... கொஞ்சம் பொறாமையும்தான்.

பாத்தியில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பை அலசினோம். அதற்கப்புறம் எரு கூடையில் வந்தது. அந்த வருஷம் எங்கள் கத்திரிக்காய் சத்துணவு சாம்பாரில் மிதந்தது.

இப்போது தேவகி நெமிலிப் பக்கம் விவசாயம் பார்க்கிறாளாம். நான் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன். சோல் பிரிந்து வந்தால் மீட்டிங் போடுவோம். ஏசி ரூம், ப்ரொஜெக்டர், கலர் கலராகக் கிராஃப். கட்டிங் செக்ஷன் ஸ்டிச்சிங்கைக் கைகாட்டும், ஸ்டிச்சிங் செக்ஷன் பேஸ்டிங்கைக் கைகாட்டும். தன் செக்ஷன் பேர் தப்பித்ததும் ஒவ்வொருத்தராகச் செல்போனை எடுத்துக்கொள்வார்கள். சோல் பிரிந்துகொண்டேதான் இருக்கும்.

அப்போதெல்லாம் நினைப்பேன்... தேவகி மட்டும் இந்த ரூமில் இருந்தால் மீட்டிங் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் தன் வீட்டுக் கோணியையே தூக்கிக் காட்டுகிறவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.