குகதாசனும் கலிபோர்னிய ஏரித்தரையும்

"தொழில்: பாத்திரம் கழுவுபவர். ஆர்வங்கள்: இல்லை. வேறிடம் செல்ல விருப்பம்: இல்லை."

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குகதாசனைப் பற்றி இருந்த குறிப்பு இது. மூன்று நாடுகளைத் தாண்டிப் பாரிசுக்கு வந்து சேர்ந்தவரைப் பற்றித்தான்.

வேறிடம் செல்ல அவருக்கு ஆசை இருந்தது. ஒரேயோர் இடம்: கலிபோர்னியப் பாலைவனத்தில், வற்றிய ஏரியின்மேல் அமைந்த விமானப்படைத் தளம். ஒலியை முந்திய முதல் விமானம் அங்கேதான் பறந்தது. மாரியில் தேங்கும் நீரைக் காற்று அங்குமிங்கும் தள்ளி ஏரித்தரையை மெழுகிவிடும். கோடையில் அதுவே ஓடுபாதை. பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவர் வேலைசெய்த உணவகத்தில் இதைக் கேட்காத ஆளில்லை.

யாழ்ப்பாணத்தில் விமானச் சத்தம் கேட்டாலே பங்கருக்குள் பாய்ந்தவர், விமானங்கள் நடைபழகும் இடத்தில் மனதைப் பறிகொடுத்திருந்தார். அதுவும் குண்டுபோட்டுப் பழகும் திடலாகத்தான் தொடங்கியது என்பது தெரியும். தெரிந்தும் விடவில்லை.

2009 ஒக்டோபரில் தளத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள் என்றறிந்ததும் அமெரிக்க விசாவுக்குப் போட ஆயத்தமானார்.

"அண்ணை, கலியாணவீடு எண்டு போடுங்கோ," என்றான் சமையல்காரன் சிவமணி.

"ஆற்றை கலியாணம்?"

"ஆற்றையாவது. ஆமிக் காம்ப் பார்க்கப் போறன் எண்டால், விசாக்காரன் உங்களையெல்லோ பார்ப்பான்."

"எல்லாத்துக்கும் ஆதாரம் இருக்கு, தம்பி."

அங்கேதான் பிசகியது. அகதி வழக்குக்கு அலைந்த காலத்தில் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பல் அவருக்குப் படிப்பித்த பாடம் ஒன்றுதான்: கடதாசி இல்லாவிட்டால் உன் கதையை ஒருவரும் நம்பார். ஆகவே எழுபது பக்கக் கோப்போடு போனார். ஓடுபாதைகளின் நீளம், திசை, நான்கு நிறத்தில் வரைபடங்கள்.

விசா அதிகாரி கண்ணாடிக்குப் பின்னால் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதை வரைந்தது யார்?"

"நான்தான்," என்றார் குகதாசன், பெருமையோடு.

ஈழத்தில் போர் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. விசா கிடைக்கவில்லை. கோப்பும் திரும்பி வரவில்லை.

"கலியாணவீடு எண்டிருந்தால் பலகாரத்தோடையே வந்திருப்பியள்," என்றான் சிவமணி.

திறப்பு நாளுக்கென்று எடுத்த லீவைக் குகதாசன் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்னேரம் ஐந்து மணி. அங்கே காலை எட்டு, கதவு திறந்திருப்பார்கள். மேசையில் கொப்பியொன்றை விரித்தார்.

அடுத்த எட்டு வருடத்தில் அந்தத் தளத்தின் வரலாற்றைத் தமிழில், பன்னிரண்டு கொப்பிகளில் எழுதி முடித்தார். ஏரித்தரையில் கால்வைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு நாலு பக்கத்தை வெறுமையாக விட்டார்.