ரெக்ஸின் தொப்பியும் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவும்

பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் போட்டு வரலாறு சொல்லும் தொழிலில், செத்துப்போன ராஜாக்களால் ஒரு தொல்லையும் கிடையாது. தொல்லையெல்லாம் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் உயிருள்ளவர்களால்தான். எட்டாம் வகுப்பின் முன்னால் ஒரு பீரியடாவது நின்று பார்த்தவர்கள் இதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் குடியாத்தத்தில் பதினாறு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன். தாலி கட்டும் நேரத்தில் குறுக்கே வந்து நிற்கும் தாய்மாமன்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வேலூர்க் கோட்டைச் சிப்பாய்களின் புரட்சியைப் பற்றிப் பன்னிரண்டு நிமிஷப் படம் ஒன்றை எடுத்தேன். ஒரு புரொஜெக்டர், ஒரு ஸ்பீக்கர், திரைக்கு ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு, இவ்வளவுதான் என் முதல். பள்ளி பள்ளியாகப் போய்ப் படத்தைப் போட்டுவிட்டு மீதிக் கதையை வாயால் சொல்வேன். குதிரை ஓடுவதும் பீரங்கி வெடிப்பதும்கூட என் வாய்தான். என் குதிரையைப் பற்றி யாராவது குறை சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷ ஆரம்பத்தில் என் மச்சான் கெடு வைத்துவிட்டான். அவன் கல்யாணங்களுக்கு ட்ரோன் விடுகிறவன். ஆம்பூர் பக்கம் ஒரே நிர்வாகத்தின் கீழ் ஐந்து பள்ளிகள் இருக்கின்றன. அவர்கள் வருஷம் முழுக்க என்னைக் கூப்பிட்டால் இந்தத் தொழில் நிற்கும். இல்லையென்றால் தை பிறந்ததும் நான் மறுபடி கேமராவோடு கல்யாண மண்டபத்துக்கே போய்விட வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. மச்சான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “செத்தவங்கள வெச்சு எத்தினி நாளு மாமா ஓட்டுவ? உயிரோட இருக்கறவன் கல்யாணம் பண்றான், அத வந்து எடு.”

உயிரோடு இருக்கும் தியாகி

என் படத்தின் கதாநாயகச் சிப்பாய் வேலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் தஸ்தகீர் பாய். அவர் மீசைக்காகத்தான் பிடித்தேன். நெஞ்சில் குண்டு வாங்கி, கொடிமரத்தைப் பிடித்தபடி சரிந்து, இரண்டு தரம் மூச்சு இழுத்து உயிரை விடுவார். ஒரு தரம் போதும் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை.

வேலூரில் ஒரு பள்ளியில் முதல் முறை போட்டபோது அவர் விழுந்ததும் பின்வரிசையில் கைதட்டலும் விசிலும் கிளம்பின. பாதிப் பிள்ளைகள் அவர் ஆட்டோவில் வருகிறவர்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரே ஒரு நாலாம் வகுப்புக் குட்டிப் பெண் மட்டும் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பிஞ்சு நெஞ்சையாவது தொட்டுவிட்டோம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏம்மா அழறே என்று கேட்டேன்.

“தஸ்தகீர் மாமா செத்துட்டாருன்னா நாளைக்கு எங்கள யாரு சார் ஸ்கூலுக்கு இட்டுனு வருவாங்க?”

கல்யாணச் சாப்பாடு

சிப்பாய்கள் எழுந்த அந்த நாளை ஒட்டிக் கோட்டைக்குள் திப்பு சுல்தானின் மகள் ஒருத்திக்குக் கல்யாணம் நடந்தது. கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிட்டு விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள் என்று சொல்லி முடித்து, சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். இந்த வாக்கியத்தை நான் இனிமேல் எங்கேயும் சொல்வதாக இல்லை.

பேரணாம்பட்டில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, கல்யாணத்தில் பிரியாணி போட்டார்களா என்று கேட்டான். சுல்தான் வீட்டுக் கல்யாணம், போடாமல் இருப்பார்களா என்றேன். கத்திரிக்காயும் வைத்தார்களா என்றான். வைத்திருப்பார்கள் என்றேன். தன் வீட்டில் கல்யாணப் பிரியாணி சாப்பிட்டவர்கள் மறுநாள் பதினோரு மணிக்கு முன்னால் எழுந்ததில்லை, சிப்பாய்கள் மட்டும் எப்படி விடிவதற்குள் எழுந்தார்கள் என்று கேட்டான். நான் வரலாற்று ஆசிரியரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தார். கடைசியில் பையன் தானே யோசித்து ஒரு முடிவுக்கு வந்து உட்கார்ந்தான்.

“அப்போ அவங்களுக்குப் பந்தில எடம் கெடச்சிருக்காது சார். அதான் அவ்ளோ கோவம்.”

மோந்து பார்த்தார்கள்

ஆம்பூர் நிர்வாகம் ஐந்தில் ஒரு பள்ளியில் முதலில் போட்டுக் காட்டச் சொன்னது. அங்கே தலைமையாசிரியை முப்பது வருஷம் வரலாறு எடுத்தவர். சிரிக்கமாட்டார், குறிப்பெடுப்பார். அவர் சரி என்று எழுதிக் கொடுத்தால் ஐந்து பள்ளியும் எனக்கு. அன்றைக்கு என் குதிரை என்றைக்குமில்லாத வேகத்தில் ஓடியது.

கதையின் உயிரே தொப்பிதான். தாடியை எடு, நெற்றியில் குறி வைக்காதே, காதில் கடுக்கன் போடாதே, தோல் பட்டை வைத்த இந்தப் புதுத் தொப்பியைப் போடு என்று வெள்ளைக்காரன் உத்தரவு போட்டான். முடியாது என்றவர்களுக்குக் கசையடி. அந்த இடத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எத்தனை தரம் சொன்னாலும் வரும், அது நடிப்பு இல்லை. அன்றும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானே செய்த தொப்பியைப் பையிலிருந்து எடுத்து, இதுதான் அந்தத் தோல், தொட்டுப் பாருங்கள் என்று எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவிடம் கொடுத்தேன்.

இங்கேதான் என் புத்தி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அது ரெக்ஸின். சென்னையில் யாரும் கேட்கமாட்டார்கள். ஆம்பூரில், அப்பா தோல் பதனிடும் டேனரியிலும் அம்மா ஷூ ஃபேக்டரியிலும் வேலை செய்கிற பிள்ளைகளிடம் ரெக்ஸினைக் கொடுத்துத் தோல் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும். முதல் பெண் வாங்கி மோந்து பார்த்தாள். பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். அவள் திருப்பி அடிப்பக்கத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். தொப்பி நாலு வரிசையும் மூக்கு மூக்காகச் சுற்றி வந்தது. கடைசியில் ஹசீனா என்ற பெண் அதை இரண்டு கையாலும் மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“சார், இது துணி மேல பூசுன ரெக்ஸின். இதுக்கா சார் அவ்ளோ பேரு உயிர விட்டாங்க?”

ஹசீனாவின் அம்மி தைத்தது

தலைமையாசிரியை குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் போடுங்கள், பிறகு சொல்கிறேன் என்றார். அந்த வாரம் முழுக்க மச்சான் போன் செய்தபோதெல்லாம் நான் எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை படம் ஆரம்பிக்குமுன் ஹசீனா வந்து செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தை நீட்டினாள். உள்ளே கையகலத்துக்கு நிஜமான ஆட்டுத்தோல், ஓரம் மடித்து, தொப்பியில் வைக்கும் பட்டையாகவே தைத்திருந்தது. அவள் அம்மி, அதாவது அம்மா, ஷூ ஃபேக்டரியில் ஸ்டிச்சிங் பிரிவில் இருக்கிறாராம். பதினாறு வருஷம் கல்யாணம் எடுத்தேன், ஒரு மாப்பிள்ளை வீட்டாரும் எனக்கு இப்படி ஒன்றைக் கொடுத்ததில்லை. அம்மி என்னம்மா சொன்னாங்க என்று மட்டும் கேட்டேன்.

“‘இத வெச்சா தான் பாக்கறவங்களுக்குக் கோவம் வரும், குடு’ன்னாங்க சார்.”

நாற்பத்தோரு தொப்பிகள்

கோபம் வந்தது. புதன்கிழமை காலையில் தலைமையாசிரியை போன் செய்து உடனே வரச் சொன்னார்.

விஷயம் இதுதான். விளையாட்டு விழா அணிவகுப்புக்குப் பள்ளியில் புதிதாக நீலத் தொப்பி கொடுத்திருக்கிறார்கள். ஒத்திகையில் பி.டி. மாஸ்டர், தலையில் தொப்பி தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது, ஸ்கார்ஃபைக் கழற்று, பூவை எடு, நெற்றியில் இருப்பதை அழி என்றாராம். வரிசை ஒரே மாதிரித் தெரியவேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் மனதில் ஒன்றுமில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு இதே உத்தரவை வெள்ளிக்கிழமைதான் என் வாயால் கேட்டிருந்தது. நாற்பத்தோரு பேரும் தொப்பியைக் கழற்றிக் கொடிமரத்தடியில் குவித்துவிட்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பையன்களிடம் ஸ்கார்ஃபும் இல்லை பூவும் இல்லை. படத்தில் எல்லாரும் சேர்ந்துதான் மறுத்தார்கள் என்பதற்காக அவர்களும் கழற்றினார்களாம்.

“நீங்க ஆரம்பிச்சு வெச்சது. நீங்களே முடிச்சு வெச்சுட்டு வாங்க. லெட்டர அப்புறம் பாக்கலாம்” என்றார் தலைமையாசிரியை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐந்து பள்ளியும் கண்முன்னால் நின்றன. வகுப்பில் போய் நின்று, “அது வெள்ளக்காரன் காலம். இது நம்ம ஸ்கூல், நம்ம மாஸ்டர். கதைய கதையா எடுத்துக்கணும்” என்று ஆரம்பித்தேன். என் குதிரையைவிடப் பொய்யாக இருந்தது அந்தக் குரல்.

ஹசீனா எழுந்தாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அப்போ அன்னிக்கு நீங்க அழுதது நடிப்பா சார்?”

தலைமையாசிரியையும் பி.டி. மாஸ்டரும் வாசலில் நின்றிருந்தார்கள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லெட்டர் வந்துவிடும். என் குதிரையைக் குறை சொன்னாலே பொறுக்காதவன் நான், என் கண்ணீரையே பொய் என்று எப்படிச் சொல்வேன்?

“இல்லம்மா. நிஜமா தான் அழுதேன்” என்றேன். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “மேடம், எனக்கு இத முடிச்சு வெக்கத் தெரியல” என்றேன். சொல்லும்போதே கல்யாண மண்டபத்து நாதஸ்வரமும் மச்சானின் ட்ரோனும் என் காதுக்குள் கேட்க ஆரம்பித்துவிட்டன.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். குவியலிலிருந்து ஒரு தொப்பியைக் கொண்டுவரச் சொன்னார். பின்னாலிருந்த பட்டையைத் தளர்த்தி, ஹசீனாவின் ஸ்கார்ஃபுக்கு மேலேயே வைத்துப் பார்த்தார். கச்சிதமாக நின்றது. அடுத்து, தலை நிறைய மல்லிகை வைத்திருந்த ஒரு பெண்ணின் தலையில் வைத்தார். பூ பின்னால் இருந்தது, தொப்பி முன்னால் இருந்தது.

“மாஸ்டர், வரிசைக்கு இதனால இன்னா கொறஞ்சி போச்சு?” என்று கேட்டார்.

மாஸ்டர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல மேடம். நல்லாதான் இருக்குது” என்றார்.

நாற்பத்தோரு பேரும் ஓடிப்போய்த் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் புரொஜெக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மச்சானுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி மெதுவாக வாசலுக்கு நடந்தேன். தலைமையாசிரியை கூப்பிட்டு ஒரு கவரைக் கையில் கொடுத்தார். லெட்டரில் ஐந்து பள்ளியின் பெயரும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“மீதி நாலு ஸ்கூலுக்கும் போங்க சார். ஆனா புது யூனிஃபார்ம் எல்லாம் குடுத்து முடிச்சப்புறம் போங்க.”

பிள்ளைகளுக்கு வரலாறு மனதில் நிற்பதில்லையே என்று இத்தனை நாள் ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தவன் நான். நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.