நிறைந்த அறைக்கு ஒரு சலாம்

முஸ்லிம்களான எங்களில் ஓர் அறைக்குள் நுழைகிறவர்தான் முதலில் சலாம் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகூடச் செய்கிற காரியம். அதைச் செய்ய முடியாமல்தான் நான் முதல் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் முன்னால் போய்த் தேநீர் அறையில் உட்கார்ந்துவிட்டால், வருகிறவர்கள் சலாம் சொல்வார்கள். நான் உதட்டை அசைத்தால் போதும். மெனேஜருக்கு என்மேல் அலாதி மதிப்பு. நேரம் தவறாத பிள்ளையாம்!

மாம்புரிப் பக்கம் உள்ள இறால் பண்ணை அது. குளங்களின் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. உப்பு எவ்வளவு, ஒட்சிசன் எவ்வளவு என்று பார்க்கும்போது என் கை நடுங்காது. இறால் யாரையும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. அந்த வேலை எனக்கு உயிர்.

ஒரு நாள் மெனேஜர் கூப்பிட்டார். "வாற மாசத்துல இருந்து காலையில எல்லாருக்கும் முன்னால நீங்கதான் தண்ணி றிப்போட் சொல்ல வேணும். சொல்லத் தெரிஞ்ச ஆளத்தான் நிரந்தரமாக்கலாம்."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நினைத்தாலே நெஞ்சு படபடத்தது, வியர்த்துக் கொட்டியது. இருதய நோய் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உம்மா, யாரோ கண் வைத்த கண்ணூறு என்றார். ஓதிய தண்ணீரும் குடித்தாயிற்று. கடைசியில், வேலையை விட்டுவிடுவது என்ற தீர்மானத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இருதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். எனக்குக் கோபமே வந்தது. அப்படியென்றால் இது என்ன?

என்னைப் பார்த்த டொக்டர் பெண் அவசரப்படாமல் விசாரித்தார். "கடையில சாமான் கேக்கவும் பயமா? ஃபோன் அடிச்சா எடுக்கவும் பயமா? ஆக்கள் பாக்கிற நேரம் எழுதினா கை நடுங்குமா?" எங்கள் வீட்டில் ஒளிந்திருந்து பார்த்தவர் போலக் கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன்.

"இது வெறும் வெக்கமில்ல, புள்ள. சமூகப் பதற்றக் கோளாறு எண்டு சொல்ற. நிறையப் பேருக்கு இருக்கு. சுகப்படுத்தலாம்."

பிரமித்துப் போனேன். என் பிறவிக் கோணல் என்று நான் மூடி மறைத்துவந்த ஒன்றுக்குப் பெயர் இருக்கிறது! பெயர் வைக்கும் அளவுக்கு எத்தனை பேர் இதே பயத்தோடு பஸ் ஏறுகிறார்கள்! அந்தக் கதிரையிலேயே அழுதுவிட்டேன்.

கிழமைக்கு ஒரு முறை வரச் சொன்னார். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேருக்கு நேர் பார்க்க வேண்டுமாம். முதலில் எதைச் செய்து பார்ப்பேன் என்று கேட்டார்.

"அறை நிறைஞ்ச பிறகு உள்ள போய்ச் சலாம் சொல்றன்," என்றேன்.

மறுநாள் வேண்டுமென்றே அடுத்த பஸ்ஸில் போனேன். தேநீர் அறை வாசலில் நின்று "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

ஒருவர் பதில் சொன்னாலே கடமை தீர்ந்துவிடும். ஆனால் முழு அறையும் சொன்னது. பாண் துண்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட, குளங்களுக்குக் காற்றடிக்கும் மோட்டர்களைப் பார்க்கிற மோட்டர்கார அண்ணனும் பழக்கத்தில் சொன்னார். எனக்கு மேல் சிலிர்த்தது. சலாம் என்றால் சமாதானம். இந்தச் சமாதானத்தை இவர்கள் தினமும் எனக்குத் தரத் தயாராக இருந்திருக்கிறார்கள். நான்தான் முதல் பஸ்ஸில் தப்பியோடியிருக்கிறேன்!

றிப்போட் சொல்லும் காலை வந்தபோது பயம் போய்விடவில்லை; என்னோடுதான் எழுந்து நின்றது. பேசத் தொடங்கினேன். பாதியில் மோட்டர்கார அண்ணன் கையை உயர்த்தினார்.

"தங்கச்சி, கேக்குதில்ல."

கதவு எங்கே என்று கண் தேடியது. அவரோ முன்னால் சாய்ந்து காதைத் தந்தார். "நாலாம் குளத்துக்கு என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

எல்லாக் கண்களும் என்மேல் இருந்தன. நான் எப்படி நிற்கிறேன் என்று ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

"நாலாம் குளத்துல ஒட்சிசன் குறையுது," என்றேன், சத்தமாக.

அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டரைப் போட ஓடினார். என் வாயிலிருந்து வந்த ஒரு பேச்சைக் கேட்டு ஒரு மனிதர் எழுந்து ஓடுவதை, வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.