திரையில் நான் சிவப்புப் புள்ளி

ஸ்ரீபெரும்புதூரில் டிவி, மிக்சி, ஃபிரிட்ஜ் விற்கும் கடையில் நான் தள மேலாளராக இருந்தேன். ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலம். விற்பவர்கள் யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால் அருகே போய் நிற்பது என் வேலை. நான் நிற்பதால்தான் விற்பனையே நடக்கிறது என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

சென்னையிலிருந்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் வந்தார். எங்கள் கடையை அப்படியே கணினிக்குள் உருவாக்கப்போவதாகச் சொன்னார். வாடிக்கையாளர்கள் பச்சைப் புள்ளிகள், விற்பவர்கள் நீலப் புள்ளிகள். எவ்வளவு நேரம் காத்திருக்கும், எப்போது கோபித்துக்கொண்டு வெளியேறும் என்று ஒவ்வொரு புள்ளிக்கும் தனிக் குணம். கடையின் விதி ஒன்றை மாற்றினால் விற்பனை என்னாகும் என்பதைப் புள்ளிகளை நடமாடவிட்டே பார்த்துவிடலாமாம்.

"லீவு கேக்காத ஸ்டாஃபு!" என்று முதலாளி பூரித்துப்போனார்.

முதல் ஓட்டத்தில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. டிவி பிரிவில் விற்கும் வடக்குப்பட்டுப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா மேடம், கோயிலுக்கு வர்ற மாதிரி வர்றாங்க? ஷிஃப்ட் முடிஞ்சா கம்பெனி பஸ்ஸுலேர்ந்து கும்பலா எறங்குவாங்க. வாங்குறது ஒருத்தன், கொற சொல்றதுக்கு அஞ்சு பேரு."

மாணவி உடனே திருத்திக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சாரை விட்டுட்டோமே" என்றார். எனக்குச் சிவப்பு கிடைத்தது. மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் நன்றாக இருக்கும் என்றேன். பெரிதாக்கினார். அதன்பின் இரண்டு வாரம் ஃபிரிட்ஜுகளுக்கு நடுவே உட்கார்ந்து என்னைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்.

முதலாளி அறையில் எல்லோரும் கூடினோம். பச்சைகள் வந்தன, நீலங்கள் அவற்றை நெருங்கின. சிவப்பு வந்தது. நீலங்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சிவப்பின் பக்கம் திரும்பின. பச்சைகள் வெளியே போய்விட்டன.

"அந்தச் செவப்ப எடுத்துட்டு ஓட்டும்மா" என்றார் முதலாளி.

விற்பனைக் கோடு மேலே ஏறியது. மறுபடி ஓட்டச் சொன்னார். ஐந்து முறையும் ஏறியது.

"வைரஸா இருக்கும் சார்" என்றேன்.

மறுநாளே என்னைக் குடோனுக்கு அனுப்பினார்கள். அந்த மாதம் விற்பனை கூடியது. திரையில் கூடிய அளவுக்கு இல்லை. ஆடித் தள்ளுபடிதான் காரணம் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

ஒருநாள் ஏதோ எடுக்கத் தளத்துக்கு வந்தேன். தெற்கத்தி இளைஞன் ஒருவன் பெரிய டிவியைத் தடவிக்கொண்டிருந்தான். நாலு பேர் தங்கும் அறையாம்.

"இத்த வச்சா நீங்க வெளிய படுக்கணும்ணே. சின்னது போதும்" என்றாள் வடக்குப்பட்டுப் பெண்.

என் கால் தானாக அவர்கள் பக்கம் நகர்ந்தது. அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவன் சின்னதை வாங்கினான். நான் போயிருந்தால் பெரியதைத் தலையில் கட்டப் பார்த்திருப்பேன். "யோசிச்சிட்டு வாரேன்" என்று நழுவியிருப்பான். அடுத்த வாரம் அவன் அறைத் தோழர்கள் ஊரிலிருக்கும் வீட்டுக்கென்று ஆளுக்கொன்று வாங்க அவளையே தேடி வந்தார்கள்.

இதற்கிடையில், மேலாளர் இல்லாத தளத்தில் முதலாளியே சுற்றத் தொடங்கியிருந்தார். ஆராய்ச்சியின் கடைசி நாளில் மாணவி அவரிடம் கேட்டார்: "உங்களுக்கும் ஒரு புள்ளி போட்டுப் பாக்கலாமா சார்?"

"ஆராய்ச்சி ரொம்பப் பிரமாதம்மா, இதோட போதும்" என்று சால்வை போர்த்தி அனுப்பிவைத்தார்.

மறு வருடம் வடக்குப்பட்டுப் பெண் தள மேலாளரானாள். எனக்குப் பழுதுபார்க்கும் பிரிவு. அங்கே வருபவர்கள் ஏற்கெனவே கோபத்தோடுதான் வருவார்கள். நான் அருகே போய் நின்றாலும் புதிதாகக் கெட ஒன்றுமில்லை.