தட்டை எறியும் காட்சி

சினிமாவில் கோபக்கார அப்பா சாப்பாட்டுத் தட்டை வீசி எறிகிறாரே, அதில் சிதறுவது நிஜச் சோறு இல்லை என்றுதான் நாற்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். கத்தி அட்டைக் கத்தி, ரத்தம் சாயத் தண்ணீர், மழை லாரித் தண்ணீர். சோறு மட்டும் எப்படிச் சோறாக இருக்கும்? அதற்கென்று கோடம்பாக்கத்தில் ஒரு கடை இருக்கும், பொய்ச்சோறு கிலோ கணக்கில் கிடைக்கும் என்று மனதுக்குள் ஒரு கடையே திறந்து வைத்திருந்தேன்.

அந்த நம்பிக்கையில்தான், ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் பக்கத்துக் கோடவுனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மதுரைத் தம்பி வந்து கேட்டதும் தலையாட்டினேன்.

"அண்ணே, சோத்தை வீணாக்காதீங்கன்னு ஒரு குறும்படம் எடுக்குறேன். போட்டிக்கு அனுப்பணும். நீங்கதான் வில்லன். உப்பு பத்தலைன்னு சமையல்காரர் முன்னாடி தட்டைத் தூக்கி எறியணும். முகம் அதுக்குத் தோதா இருக்குண்ணே."

"சமையல்காரரா யாரு?"

"நம்ம மெஸ் அண்ணைதான். அவரு நடிக்கவே வேணாம், நின்னாப் போதும்."

அங்கேதான் சிக்கல்.

அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் ரூம்காரர்கள் பதினாலு பேருக்கும் அவர்தான் சமையல். சமையலறை அலமாரியில் ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, அடியில் பேர் கீறியது. காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது, அன்றைக்குச் சாப்பிட வராதவன் தன் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக வேண்டும். நிமிர்ந்திருக்கும் தட்டுகளை எண்ணி அண்ணை உலை வைப்பார். மூன்று வருஷத்தில் எங்கள் குப்பைத் தொட்டியில் நான் சோறு பார்த்ததில்லை. ஒருநாள் தட்டைக் கவிழ்க்க மறந்து, சிநேகிதனோடு போய் பிரியாணி தின்றுவிட்டு வந்தேன். என் பங்கு மறுநாள் காலை பழஞ்சோறாக, சின்ன வெங்காயத்தோடு, என் முன்னால் வந்து உட்கார்ந்தது. அதுவும் ருசியாக இருந்ததுதான் அவமானம்.

முன்பு பதினைந்தாவது ஆளாக இருந்த ஏசி மெக்கானிக் ஒருவன் போனில் பேசிக்கொண்டே பாதித் தட்டுச் சோற்றைக் குப்பைத் தொட்டியில் தட்டினான். அண்ணை சத்தம் போடவில்லை. அவன் தட்டைக் கவிழ்த்து வைத்தார். நிமிர்த்தவே இல்லை. இப்போது அவன் அந்தத் தட்டோடு வேறு மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டு, எங்களைப் பார்க்கும்போதெல்லாம் என்ன குழம்பு என்று விசாரிக்கிறான்.

ரூமில் சீரியல் ஓடும்போது மாமியார் தட்டைத் தள்ளிவிட்டால் நாங்கள் மருமகளுக்காக உச்சுக்கொட்டுவோம். அண்ணை கரண்டியும் கையுமாக வந்து நிற்பார்.

"இதை எத்தினை தரம் எடுத்திருப்பாங்கள்? நாலு தரமெண்டா நாலு பேரின்ர சோறு. சமைச்சவனிட்ட ஆரும் கேட்டவங்களோ?"

அது பொய்ச்சோறு அண்ணை என்று சொல்ல வாய் வரும். கரண்டியைப் பார்த்து மூடிக்கொள்வேன்.

தம்பி கதையைச் சொன்னபோது அவர் முழுதும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நிக்கிறன். ஆனா என்ர சோத்தில ஒரு பருக்கை குப்பைக்குப் போனா, எறிஞ்ச ஆளின்ர தட்டு கவிண்டுதான் கிடக்கும். சொல்லிப்போட்டன்."

வேலை போனால் வேறு வேலை தேடலாம். அண்ணையின் தேங்காய்ப்பால் சொதி போனால் எங்கே தேடுவது? குப்பூஸ் ரொட்டியும் தயிரும் தின்று தின்று நான் மெலிந்து, லீவில் ஊருக்குப் போய் இறங்க, ஏர்போர்ட்டில் மனைவி அடையாளம் தெரியாமல் பக்கத்தில் வந்த ஆளைக் கூட்டிக்கொண்டு டாக்ஸி ஏறுகிற காட்சி வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

கோடம்பாக்கம் தூரம். பொய்ச்சோற்றை நானே செய்வது என்று முடிவு செய்தேன். நான் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோர் கீப்பர். பெட்டிகளில் வரும் தெர்மாகோலுக்குப் பஞ்சமில்லை. மூன்று நாள் உட்கார்ந்து உதிர்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் பொன்னி அரிசி தோற்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படப்பிடிப்பு. நான் வசனம் பேசித் தட்டை வீசினேன். சோறு விழவில்லை. ஏசி காற்றில் எழும்பி ரூம் முழுக்கப் பறந்தது. பாதி அண்ணையின் மீசையில் ஒட்டியது. அவர் தட்டிவிட, கையில் ஒட்டியது.

"கட்! அண்ணே, இது சோறா, காஷ்மீரா?" என்றான் தம்பி. "நிஜச் சோறு இல்லாம கதை நிக்காதுண்ணே. ஹோட்டல்ல ஒரு பார்சல் வாங்கியாரவா?"

"ஆரின்ர சோறெண்டாலும் சோறுதான்" என்றார் அண்ணை.

அவர் என்னைப் பார்த்தார். தலைமுடியெல்லாம் தெர்மாகோலோடு நான் நின்றுகொண்டிருந்தேன். பெருமூச்சு விட்டுச் சமையலறைக்குள் போனார். தண்ணீர் வடிக்கும் சத்தம் கேட்டது. வரும்போது ஒரு கையில் புது சுப்ரா. தரையில் விரித்துச் சாப்பிடுகிற மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு அது; இங்கே எந்த ரூமிலும் இருக்கும். மறு கையில் என் தட்டு, நிறைய வெள்ளைச் சோறு. விரிப்பைச் சுவர் வரைக்கும் இழுத்துவிட்டார்.

"எறியும்."

"அண்ணை, என் தட்டு..."

"கதைக்காதையும். எறியும்."

தட்டு சில்லென்றிருந்தது. பயத்தில் என் கைதான் சில்லிட்டுவிட்டது என்று நினைத்தேன். சோற்றிலிருந்து ஆவி பறந்ததைக்கூட என் கண்ணால் பார்த்தேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் சத்தியம் செய்திருப்பேன். "உப்பு எங்கடா!" என்று கத்தினேன். கத்திவிட்டுத் தட்டை மெதுவாகத் தரையில் வைத்தேன்.

"எறியச் சொன்னா பரிமாறுறீங்களேண்ணே!"

அடுத்த டேக்கில் கண்ணை மூடிக்கொண்டு வீசினேன். பொலபொலவென்று விழுந்தது.

கண்ணைத் திறந்தபோது அண்ணை குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். என் பக்கம் பார்க்கவே இல்லை. முதலில் விரிப்பின் ஓரங்களை உள்பக்கமாக மடித்தார். பிறகு சுவரில் ஒட்டியவை. பிறகு கட்டில் கால் ஓரமாக ஓடிய ஒன்று. தம்பி 'கட்' சொன்னது அவர் காதில் ஏறவில்லை. தம்பியும் போனை இறக்கவில்லை. இத்தனை வருஷம் எத்தனையோ பேர் திரையில் அழுது பார்த்திருக்கிறேன். ஒருவரும் இந்தக் குந்திய முதுகுக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள். அந்த முதுகுதான் படத்தின் கடைசிக் காட்சி. பரிசு கிடைக்கவில்லை. எங்கள் கேம்ப்பில் மட்டும் அந்தப் படம் ஓடாத போன் கிடையாது.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு என் கவலை தட்டு. நானே கழுவினேன். அலமாரியில் வைக்கத் தைரியம் வராமல் பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே விட்டுவிட்டு வந்து படுத்தேன். வயிறு சரியில்லை என்று சொல்லி நாலு பிஸ்கட்டோடு முடித்துக்கொண்டேன். சாயங்காலம் சமையலறையில் வெகுநேரம் கிரைண்டர் ஓடியது. கோபத்தில் மனுஷன் எதையோ போட்டு அரைக்கிறார் என்று போர்வையை இழுத்து மூடினேன்.

காலையில் டியூட்டிக்குக் கிளம்பும்போது அலமாரியைப் பார்த்தேன். பதின்மூன்று தட்டுகள்தான் இருந்தன. பதினாலாவது அண்ணையின் கையில் இருந்தது, நிமிர்ந்தபடி. அதில் இரண்டு தோசை, தேங்காய்ச் சம்பல்.

"வயித்துக் குத்து மாறிட்டுதோ?"

"அண்ணை, நேத்து எறிஞ்ச சோறு..."

"சோறோ? உமக்கென்ன விசரோ? இருந்து சாப்பிடும்."

நான் எறிந்தது தோசைக்கு ஊறவைத்திருந்த புழுங்கலரிசி. தண்ணீரை வடித்து என் தட்டில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பொறுக்கியதை மூன்று தரம் கழுவி, உளுந்தோடு அரைத்துவிட்டார். பதினாலு பேரும் சாப்பிட்டோம். நான் ஐந்து தோசை. குப்பைக்குப் போனது தெர்மாகோல் மட்டும்.