எண்பதில் வரும் உதறல்

என் கணவர் மஸ்கட்டுக்குத் திரும்ப இரண்டே நாட்கள் இருந்தபோது காரின் நான்கு சக்கரங்களையும் மாற்றினார். டயர்கள் தேய்ந்திருந்தது உண்மைதான். ஆனால் அவர் டயரோடு நிற்கவில்லை. பழைய இரும்பு ரிம்களையும் கழற்றச் சொல்லிவிட்டு, வெள்ளியாக மின்னும் அலாய் வீல் போட்டுக்கொண்டு வந்தார்.

"தினம் எழுபது கிலோமீட்டர் ஓட்டறே. நல்லதா இருக்கட்டுமே" என்றார்.

எனக்கு அது கொஞ்சம் பகட்டாகத் தெரிந்தது. ஆனால் அவர் வாசலில் நின்று நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வருடத்தில் முப்பது நாள் வீட்டில் இருப்பவர். அந்த முப்பது நாளில் எதையாவது செய்து வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்கு ஒரு பரபரப்பு எப்போதும் உண்டு.

நான் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். குடியிருப்பது தஞ்சாவூரில். முப்பத்தொன்பது வயதில்தான் கார் ஓட்டக் கற்றேன். என்னோடு அதே பள்ளியில் வேலை பார்க்கும் இரண்டு பேர் காரில் வருவார்கள். அறிவியல் டீச்சர் முன்னால் என் பக்கத்தில் உட்காருவார். கணக்கு டீச்சருக்குப் பின் இருக்கை. எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே இல்லை. எல்லோரும் டீச்சர்தான்.

என் கணவர் விமானம் ஏறிய பிறகு வந்த திங்கட்கிழமை, வடுவூர் ஏரியைத் தாண்டி ரோடு நேராகும் இடத்தில் காரை விரட்டினேன். எழுபதைக் கடந்து எண்பதைத் தொடும்போது ஸ்டியரிங் என் கையில் உதறியது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், உதறல் நின்றது. மறுபடி எண்பது. மறுபடி உதறல்.

"டீச்சர், எதுமேலயாவது ஏத்திட்டோமா?" என்று கேட்டார் அறிவியல் டீச்சர்.

"இல்லீங்களே. ரோடு சுத்தமா இருக்கு."

பின்னால் கணக்கு டீச்சர் முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய தம்பி வந்த வேன் ஒன்று முன் டயர் வெடித்துக் கவிழ்ந்ததில் அந்தப் பையனுக்கு ஒரு கால் போய்விட்டது. அதை அவர் ஒரே ஒருமுறைதான் எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் மஸ்கட்டுக்குப் பேசினேன்.

"அது ரோடும்மா" என்றார்.

"அறுபதுலயும் அதே ரோடுதாங்க. அப்ப ஒண்ணுமே இல்ல. எண்பதுலதான் வருது."

"நீ ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கறே. எப்பவும் அப்படித்தான் பிடிப்பே. லூசா பிடி."

மறுநாள் லூசாகப் பிடித்துப் பார்த்தேன். இன்னும் நன்றாக உதறியது.

சனிக்கிழமை, சக்கரம் மாட்டிய கடைக்கே போனேன். மேசையில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு என் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலையா மேடம்?" நான் வந்திருக்கிறேன் என்றேன். நான்கு சக்கரத்தையும் கழற்றி, எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் பேலன்சிங் மெஷினில் ஒவ்வொன்றாக மாட்டிச் சுற்றவிட்டார்கள். திரையில் ஜீரோ வந்தது. எல்லாவற்றுக்கும் ஜீரோ.

"பாத்தீங்களா மேடம், ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்ல. புது டயருங்க. கொஞ்சம் ஓடினா செட்டாயிடும்."

திங்கட்கிழமை ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. எண்பது, எண்பத்தைந்து. நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் பின்னாலிருந்து கணக்கு டீச்சரின் குரல் வந்தது.

"இப்ப எனக்கு முதுகுல வருது டீச்சர்."

அதிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளாமல் போனது. பள்ளியில் கரும்பலகையில் எழுதும்போது உள்ளங்கையில் அந்த உதறல் இருப்பதுபோல் தோன்றும். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கையைப் பார்ப்பேன். வீட்டில் வாஷிங் மெஷின் கடைசியில் வேகமாகச் சுற்றும்போது பக்கத்தில் போய் நின்று அதன் மேல் கை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் என் பெண் ஹாஸ்டலிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. "அம்மா, நீ கேக்கவே இல்ல" என்று அவள் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

சோதித்துப் பார்க்கவும் ரோடு கிடைக்கவில்லை. குறுவை அறுவடை நேரம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்தது. அறுவடை மெஷினை ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. முப்பத்தைந்து கிலோமீட்டரில் எண்பதைத் தொட முடிந்த இடங்கள் இரண்டே இரண்டு. அந்த இரண்டு இடமும் வருவதற்கு முன்பே என் தோள்கள் விறைத்துக்கொள்ளும்.

வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கே இருந்தவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, சஸ்பென்ஷனில் ஏதோ ரப்பர் புஷ் போய்விட்டது என்றார். மாற்றினார்கள். வீல் அலைன்மென்ட் பார்த்தார்கள். முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாட்டினார்கள். மறுநாள் காலை ஸ்டியரிங் முன்பைவிட மோசமாக ஆடியது. டேஷ்போர்டில் வைத்திருந்த தண்ணீர் பாட்டில் நகர்ந்து நகர்ந்து வந்து அறிவியல் டீச்சர் மடியில் விழுந்தது.

அன்று பள்ளி வாசலில் இறங்கியதும் கணக்கு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளையிலேருந்து நான் பஸ்ஸுல வந்துக்கறேன் டீச்சர். தப்பா நெனைச்சுக்காதீங்க."

"சரி பண்ணிடலாங்க. பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"நீங்க ஓட்டறதுல குறை ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் உக்கார முடியல. வீட்டுக்குப் போயும் படபடன்னு இருக்கு."

நான் தலையாட்டினேன். வருத்தமா கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை. மறுநாள் காலை அவர் வந்த பஸ்ஸை நான் முந்தினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் பார்க்காததுபோல் போய்விட்டேன். அதற்காக அன்று முழுவதும் மனசு உறுத்தியது.

அந்த வாரமே பின் சக்கரம் ஒன்று பஞ்சர் ஆனது. அறுவடை மெஷினிலிருந்து விழுந்த ஏதோ ஒரு ஆணி. வழியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி ஒட்டு போட்டுத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். மறுநாள் கார் தொண்ணூறுவரை போனது. ஸ்டியரிங்கில் மட்டும் பழையபடி உதறல். இருக்கையில் மிச்சமிருந்த லேசான நடுக்கம் சுத்தமாக இல்லை.

அறிவியல் டீச்சர் எந்தச் சந்தேகத்தையும் உடனே எழுதி வைத்துக்கொள்பவர். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்த உதறலுக்கும் ஒரு பட்டியல் வைத்திருந்தார். பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டார்.

"டீச்சர், இதைக் கேளுங்க. டயர் மாறல. ரோடு மாறல. ஸ்பீடும் அதே ஸ்பீடு. ஒவ்வொரு தடவை கழட்டி மாட்டினப்பவும் உதறல் எடம் மாறியிருக்கு. மொதல்ல முன்னால, அப்பறம் பின்னால, திரும்ப முன்னால. நேத்து ஒரு சக்கரத்தைக் கழட்டினாங்க, அந்த எடத்துல போயே போச்சு."

"அதனால?"

"கோளாறு சக்கரத்துல இருந்தா சக்கரத்தோடயே போகணும்ல. இது மாட்டறதுல இருக்கு."

இத்தனை நாளும் நான் சக்கரத்தைக் கழற்றும்போது தள்ளிப் போட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரும் பக்கத்தில் வந்து பாருங்கள் என்று சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் அதே பஞ்சர் கடைக்கு இரண்டு பேரும் போனோம். பஞ்சர் எதுவும் இல்லை, முன் சக்கரத்தைக் கழற்றித் திரும்ப மாட்டினால் போதும் என்றதும் கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். இருந்தாலும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். நான் புடவையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

அலாய் சக்கரம் சுலபமாகக் கையோடு வந்துவிட்டது. முதலில் ஸ்டெப்னியை மாட்டச் சொன்னேன். ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம். அச்சின் நடுவில் குமிழ்போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் அது அவ்வளவு சுலபமாக ஏறவில்லை. குதிகாலால் இரண்டு உதை கொடுத்துத்தான் உட்காரவைத்தார். உட்கார்ந்த பிறகு அசையவே இல்லை. பிறகு அதை எடுத்துவிட்டு அலாய் சக்கரத்தை மாட்டச் சொன்னேன். நட்டு போடுவதற்கு முன்னால் கையால் தொட்டேன். சக்கரம் மேலும் கீழும் லொடலொடவென்று ஆடியது.

"இது ஏங்க இப்படி ஆடுது?"

"நட்டை முறுக்கினா நின்னுடும்க்கா."

"ஸ்டெப்னி நட்டே இல்லாம நின்னுச்சே."

அவர் குனிந்து பார்த்தார். சக்கரத்தின் நடுத் துளைக்கும் அந்தக் குமிழுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. கைப்பையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்து அதன் முனையை உள்ளே விட்டேன். தாராளமாகப் போனது.

அறிவியல் டீச்சர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பேலன்சிங் மெஷின்ல ஒரு கூம்பு வெச்சு சக்கரத்தைச் சரியா நடுவுல பிடிக்கறாங்க. அதான் அங்க ஜீரோ. வண்டியில நடுவுல பிடிக்க ஒண்ணுமே இல்ல. நட்டை முறுக்கறப்ப எந்தப் பக்கம் தொங்குதோ அந்தப் பக்கமா உக்காந்துக்குது" என்றார்.

கடைக்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "இது வேற வண்டிக்கும் சேத்துப் பெரிய ஓட்டையா செஞ்ச ரிம்முக்கா. நடுவுல வளையம் போடணும். லேத்துல கடைஞ்சு தருவாங்க" என்றார். போன முறை மாட்டும்போது அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அவர் சொன்ன லேத் பட்டறை மன்னார்குடியில் இருந்தது. அறுவடை சீசன் என்பதால் அங்கே நிற்க இடமில்லை. மெஷினின் அச்சு, கியர், வெட்டும் கத்தி என்று தரையெல்லாம் இரும்பு. ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். வயலில் மெஷின் நின்றுபோய் வந்தவர்கள். பட்டறைக்காரர் என்னிடம், "அவசரமாம்மா?" என்று கேட்டார். அவர்களைப் பார்த்துவிட்டு அவசரம் என்று சொல்ல வாய் வரவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அந்த மாதத்தில் எனக்கு மிக நீளமான நேரம். எழுந்து வெளியே போவேன், காரைச் சுற்றி வருவேன், திரும்ப வந்து உட்காருவேன். அறிவியல் டீச்சர் பேசாமல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

கடைசியில் பட்டறைக்காரர் வந்து வெர்னியர் வைத்து அளந்தார். அச்சில் ஐம்பத்து நாலு மில்லி. சக்கரத்தில் அறுபது. அலுமினியத்தில் நான்கு வளையங்கள் கடைந்தார். ஒவ்வொன்றையும் சக்கரத்தின் துளையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அது உள்ளே போய்ப் பொருந்தியது. நானே சக்கரத்தைப் பிடித்து அச்சில் ஏற்றிப் பார்த்தேன். இறுக்கமாக ஏறி, அப்படியே நின்றது. நட்டுகளை எதிரெதிராகக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தஞ்சாவூர் பைபாஸில் ஓட்டினோம். எண்பது. எண்பத்தைந்து. தொண்ணூறு. தொண்ணூற்றைந்தில் அறிவியல் டீச்சர், "போதும் டீச்சர்" என்றார். ஸ்டியரிங் கல்போல இருந்தது. சந்தோஷம் என்று சொல்லமுடியாது. உதறல் வரும் வரும் என்று என் கைதான் காத்துக்கொண்டிருந்தது. திரும்பி இன்னொரு முறை ஓட்டினேன். பிறகு இன்னொரு முறை.

கணவரிடம் சொன்னேன். நீளமாகச் சொல்லவில்லை.

"அப்ப நான் வாங்கினதுதான் தப்பா?"

"நீங்க வாங்கினது தப்பில்லீங்க. கடைக்காரங்க பாத்துப் போட்டிருக்கணும். ஆனா ஒரு மாசமா நான் சொல்றேன், நீங்க ரோடுன்னீங்க, என் கைன்னீங்க."

"ம்."

மூன்று நாட்கள் அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை. நான்காவது நாள் வழக்கமான நேரத்துக்கு முன்பாகவே போன் வந்தது. வளையத்தின் படம் இருந்தால் அனுப்பு என்றார். அனுப்பினேன். எவ்வளவு இடைவெளி இருந்தது என்று கேட்டார். சொன்னேன். பக்கத்துக்கு மூணு மில்லியா என்று திரும்பக் கேட்டார். பிறகு, "ஃப்ளைட்டுக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு. ஓட்டிக்கூடப் பாக்காம போயிட்டேன்" என்றார். அவரிடமிருந்து நான் அவ்வளவுகூட எதிர்பார்க்கவில்லை.

கணக்கு டீச்சரிடம் கார் சரியாகிவிட்டது, வாங்க என்றேன். ஒருநாள் வந்தார். வடுவூர் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இறங்கும்போது, "நல்லா இருக்கு டீச்சர். ஆனா பஸ்ஸுல இப்ப பழகிப்போச்சு. வெள்ளிக்கிழமை மட்டும் உங்களோட வரேனே" என்றார். சரி என்றேன். வெள்ளிக்கிழமைகளில் வருகிறார்.

அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. ரோடு இரண்டு இடத்தில் அரித்துப்போனது. சம்பா வயலில் உழுத டிராக்டர்கள் ரோட்டில் ஏறி இறங்கி சேற்றை இழுத்துப் போட்டிருந்தன. வைப்பர் ஓட, நாற்பதுக்குமேல் போக வழியில்லாமல், நானும் அறிவியல் டீச்சரும் முதல் மணிக்குள் போய்ச்சேர முடியுமா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனோம்.